கேம் வாங்குவதும் பூசாரியைக் கேட்பதும்

போன ஆண்டு அக்கா மகனின் பிறந்தநாளுக்கு ஒரு கேம் வாங்கிக் கொடுத்தேன். பதிவிறக்கத் தொல்லை வேண்டாம் என்றுதான் தேடிப் பிடித்து டிஸ்க்காகவே வாங்கினேன். பையன் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தான், டிஸ்க்கைக் கன்சோலுக்குள் தள்ளினான், சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். திரையில் ஒரு பட்டை தோன்றி, டிஸ்க்கில் இருப்பதை உள்ளே நகலெடுக்கத் தொடங்கியது. அரை மணி நேரம். அது முடிந்ததும் இன்னொரு பட்டை: அப்டேட், 46 ஜி.பி., மீதமுள்ள நேரம் ஒன்பது மணி.

"டிஸ்க்தானே வாங்கினீர்கள் மாமா? பிறகு எதை இறக்குகிறது?"

என்னிடம் பதில் இல்லை. ஒன்பது மணி எட்டாகி, எட்டு பதினொன்றாகி, பிறகு என்ன நினைத்ததோ ஆறாகக் குறைந்தது. இந்தப் பட்டைகளுக்குக் கணக்கு வராது என்பது ஊரறிந்த விஷயம். 31 சதவீதத்தில் பையன் கன்ட்ரோலரைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனான்.

அந்த இரவுக்குப் பிறகு, கேம் வாங்கும் வழிகளை நான் விலையை மட்டும் வைத்து எடை போடுவதில்லை. விலை இன்று ஏறும், தள்ளுபடி வந்தால் நாளை இறங்கும். நான் முதலில் கேட்பது இதுதான்: பணம் கொடுத்தாகிவிட்டது, விளையாட உட்கார்ந்துவிட்டேன், இன்னும் யார் யாருடைய சம்மதம் வேண்டும்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்களே, அந்தக் கதைதான். கேமைச் செய்தவர் கொடுத்துவிட்டார், விற்றவர் கொடுத்துவிட்டார். எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இருக்கும் நிறுவனத்தின் கணினி, அதாவது சர்வர், தலையாட்டினால்தான் கதவு திறக்கிறது. டிஸ்க், இணையக் கடை, பூட்டில்லாத கோப்பு, மாதச் சந்தா, கிளவுட் என்று இன்று வழிகள் பல. ஒவ்வொன்றிலும் எத்தனை பூசாரிகள் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

டிஸ்க்கில் பூசாரியே இல்லை என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பிளேஸ்டேஷன் 5 படிக்கும் டிஸ்க்கில் 100 ஜி.பி. வரை கொள்ளும், ஆகவே பல கேம்கள் முழுதாகவே அதில் அடங்கிவிடுகின்றன. ஆனால் டிஸ்க்கை அச்சுக்கு அனுப்புவதற்கும் கேம் கடைக்கு வருவதற்கும் இடையில் வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது. அந்த வாரங்களில் செய்த திருத்தங்கள் எல்லாம் மூட்டையாகக் கட்டப்பட்டு முதல் நாள் அப்டேட் என்று வந்து இறங்கும். எங்கள் வீட்டில் இறங்கிய 46 ஜி.பி. அதுதான். பல கேம்களில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டால் டிஸ்க்கில் இருக்கும் பழைய பதிப்பையே விளையாடத் தொடங்கலாம். பிழைகளோடுதான் ஓடும், ஆனால் ஓடும். இது அன்றிரவு எனக்குத் தெரிந்திருந்தால் பையன் சோபாவில் தூங்கியிருக்க மாட்டான்.

இதைவிடச் சிக்கலான சரக்கும் வந்துவிட்டது. 2025 ஜூனில் வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு, கேம்-கீ கார்டு என்ற பெயரில் சில கேம்கள் விற்கிறார்கள். பெட்டி இருக்கும், உள்ளே கார்டு இருக்கும், கார்டுக்குள் கேம் இருக்காது. அது வெறும் சாவி. கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும், இறக்கிய பிறகும் விளையாடும்போதெல்லாம் கார்டைச் செருகியிருக்க வேண்டும். டிஸ்க்கின் தொல்லை, பதிவிறக்கத்தின் தொல்லை இரண்டும் ஒரே பெட்டியில். பெட்டியின் முன்பக்கத்திலேயே இதைத் தெரிவிக்கும் அறிவிப்பு அச்சிட்டிருப்பார்கள், பார்த்து வாங்கவும். இப்படிப்பட்ட கார்டையும் மற்றவருக்கு விற்கலாம், இரவல் கொடுக்கலாம் என்பது மட்டும் ஆறுதல்.

டிஸ்க் வாங்குவதற்கு உருப்படியான காரணமும் அதுதான்: முடித்துவிட்டால் கைமாற்றலாம். 2013இல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்டியே ஆக வேண்டும், பழைய கேமை விற்பதற்கும் நிபந்தனைகள் உண்டு என்று அறிமுகப்படுத்தியது. எழுந்த எதிர்ப்பில் விற்பனை தொடங்கும் முன்பே, ஜூன் 19 அன்று, இரண்டையும் திரும்பப் பெற்றது. வாடிக்கையாளர்கள் கூச்சல் போட்டு ஒரு பூசாரியை வாசலோடு திருப்பி அனுப்பிய சம்பவம் என்று அதை நான் நினைவில் வைத்திருக்கிறேன். அதன் பிறகு வேறு வழியில் வேலை நடக்கிறது: டிஸ்க் படிக்கும் டிரைவையே கன்சோலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிரைவ் கிடையாது. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் தனியாக வாங்கி மாட்ட வேண்டும், மாட்டியதும் ஒருமுறை இணையத்தில் பதிவு செய்தால்தான் அது வேலை செய்யும்.

கணினிக்கு டிஸ்க் வாங்கும் பேச்சே இப்போது இல்லை. பரணில் பழைய டிஸ்க்குகள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பல கேம் டிஸ்க்குகளில் சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு இருந்தது. அந்தப் பூட்டு விண்டோஸின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்து வேலை செய்யும் ரகம். பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015இல் விண்டோஸ் 10 அதைச் சேர்க்கவே மறுத்துவிட்டது. அதனால் கீறல் விழாத டிஸ்க், ஒழுங்காகச் சுழலும் டிரைவ், ஆனால் கேம் திறக்காது. முறைப்படி வாங்கியவருக்குத்தான் இந்தக் கதி. பூட்டை உடைத்து வைத்திருந்தவருக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்தது இணையக் கடை. இன்று கணினியில் கேம் விளையாடுபவர்களில் பெரும்பாலோர் நிற்கும் இடம் இதுதான். வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்ற கடையை 2003 செப்டம்பரில் தொடங்கியது. மறு ஆண்டு நவம்பரில் அதே நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் 2 என்ற கேம் வந்தபோது, பெட்டியாக வாங்கியவர்களும் ஸ்டீமில் கணக்கு தொடங்கி, சர்வரிடம் சம்மதம் வாங்கித்தான் விளையாட வேண்டும் என்றானது. அன்றைக்கு எரிச்சல்பட்டவர்கள் ஏராளம். அந்த எரிச்சலைப் பிற்பாடு வசதிகள் விழுங்கிவிட்டன. கணினி மாறினாலும் நூலகம் கூடவே வரும், பாதியில் விட்ட இடம் பத்திரமாக இருக்கும், தள்ளுபடிக் காலத்தில் கை சும்மா இருக்காது. என் நூலகத்தில் ஒருமுறைகூடத் திறக்காத கேம்கள் எத்தனை என்று நான் எண்ணுவதில்லை.

அந்த வசதிகளில் நான் முதலிடம் கொடுப்பது 2015 ஜூனில் வந்த பணம் திருப்பும் விதிக்கு. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பும். பிளேஸ்டேஷன் கடையிலும் 14 நாள் விதி உண்டு. ஆனால் கேம் பழுதாக இருந்தாலொழிய, பதிவிறக்கம் தொடங்கிய கணமே அந்த உரிமை போய்விடும். துணியைக் கையில் தொட்டால் திருப்பித் தர முடியாது என்பதைப் போல. ஒரே கேம் இரண்டிலும் கிடைத்தால், உங்கள் கணினி அதைத் தாங்குமா என்ற சந்தேகம் இருக்கும்போது ஸ்டீமில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

அந்த இரண்டு மணி நேரத்தை வீணடிப்பதில் நான் கைதேர்ந்தவன். புதிய கேமைத் திறந்தால் முதலில் 'ஷேடர்களைத் தயார் செய்கிறோம்' என்று இருபது நிமிடம் உட்கார வைக்கும். பிறகு ஒப்பந்தம், மூன்றாவது நிறுவனம் ஒன்றின் கணக்கு, மின்னஞ்சலுக்கு வந்த குறியீடு. பிறகு கிராபிக்ஸ் அமைப்புகளில் 'உயர்வு', 'மிக உயர்வு' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு சுவரின் நிழலை உற்றுப் பார்த்து அரை மணி. இதெல்லாம் விளையாடிய நேரமாகத்தான் கணக்கில் ஏறும். கதையின் முதல் சண்டை வருவதற்குள் ஒன்றே முக்கால் மணி ஆகிவிட்டிருக்கும். இப்போது ஒரு முறை வைத்திருக்கிறேன்: முதல் நாற்பது நிமிடத்துக்குள் படம் திக்கித் திக்கி ஓடினால், அமைப்புகளோடு மல்லுக்கட்டாமல் நேராகப் பணம் திருப்பும் பக்கத்துக்குப் போய்விடுவேன். அடுத்த அப்டேட்டில் சரியாகும் என்று காத்திருந்து நான் வென்றதே இல்லை.

பதிவிறக்கத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. இணைய இணைப்பின் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள், கேமின் அளவை மெகாபைட்டில் சொல்கிறார்கள். இடையில் எட்டால் வகுக்க வேண்டும். 100 ஜி.பி. கேம், 100 மெகாபிட் இணைப்பில் தடையின்றி வந்தாலும் இரண்டே கால் மணி நேரம். 20 மெகாபிட்டில் பதினொரு மணி நேரம். அதற்கும் மேல், 2 ஜி.பி. அப்டேட்டுக்கு 80 ஜி.பி. காலி இடம் வேண்டும் என்று கணினி அடம்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பைத்தியம் பிடித்துக் கேட்பதில்லை. கேமின் கோப்புகள் பெரிய பெரிய மூட்டைகளாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மூட்டைக்குள் ஒரு படத்தை மாற்ற வேண்டுமானாலும் மூட்டை முழுவதையும் பக்கத்தில் புதிதாகக் கட்டி, பிறகுதான் பழையதை எறிகிறது. அந்த நேரத்தில் தாமதம் இணையத்தில் இல்லை, ஹார்ட் டிஸ்க்கில். எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகத்துக்கு மாறினால் காத்திருப்பு பாதிக்கு மேல் குறையும், ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயன் இல்லை.

இணையக் கடையின் உண்மையான பூசாரி உங்கள் கணக்குதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் போனை மாற்றினேன், எண்ணையும் மாற்றினேன். ஒரு நாள் மாலை, பெயர் சொல்ல வேண்டாம், ஒரு கடை என்னைத் திடீரென்று அடையாளம் தெரியாதவனாகப் பார்த்தது. பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறதாம். எண்ணை மாற்ற வேண்டுமானால் உள்ளே நுழைய வேண்டும், உள்ளே நுழைய வேண்டுமானால் அந்த எண்ணுக்கு வந்த குறியீடு வேண்டும். போக்குவரத்து விளக்குகள் இருக்கும் கட்டங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து நான் மனிதன்தான் என்று நான்கு முறை நிரூபித்தேன். கம்பத்தின் ஒரு ஓரம் பக்கத்துக் கட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்ப்பதா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மூன்று நாள், ஏழு மின்னஞ்சல். பத்தாண்டு காலம் சேர்த்த நூலகம் அந்த மூன்று நாளும் எனக்கு இல்லை. கணக்கு தொடங்கும்போது தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் கோப்பில் வையுங்கள். அதே கணினியில் சேமித்து வைப்பது, சாவியைப் பூட்டிய வீட்டுக்குள் வைப்பதற்குச் சமம்.

கணக்கு பத்திரமாக இருந்தாலும், வாங்கியது உங்களுடையது என்று எண்ண வேண்டாம். நாம் பெறுவது பயன்படுத்தும் உரிமம். இது எல்லா ஒப்பந்தங்களிலும் எழுதப்பட்டிருந்தாலும் யாரும் படிப்பதில்லை என்பதால், கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே போட்டது. 2025 ஜனவரி முதல் அங்கே, இப்படி விற்கும் கடைகள் 'வாங்கு' என்று எழுதுவதானால், கிடைப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கடைகளே மூடப்படுவதும் உண்டு. நின்டெண்டோ தன் வீ யூ, 3டிஎஸ் கன்சோல்களின் இணையக் கடையில் விற்பனையை 2023 மார்ச் 27 அன்று நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360 கடையை 2024 ஜூலை 29 அன்று மூடியது. ஏற்கெனவே வாங்கியவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். எவ்வளவு காலத்துக்கு என்பது அவர்கள் கையில்.

இதற்கு மாற்று, பூட்டில்லாத கோப்பு. சி.டி. புராஜெக்ட் என்ற போலந்து நிறுவனம் 2008இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. கடை இந்த வழியில் விற்கிறது. வாங்கினால் நிறுவும் கோப்பையே இறக்கி வைத்துக்கொள்ளலாம். இணையம் இல்லாத கணினியில், கடையே இல்லாமல் போன பிறகும், அதைத் திறந்து கேமை நிறுவலாம். சேஃப்டிஸ்க் கதை சொன்னேனே, அந்தக் காலத்துக் கேம்கள் பலவற்றை இன்றைய விண்டோஸில் ஓடும்படி செப்பனிட்டு விற்பதும் இவர்கள்தான். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதத்தை இன்று கடையில் வாங்க வழியில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வில் சொன்னது. அந்தப் பின்னணியில் இவர்கள் செய்வது சின்ன வேலை இல்லை.

தனியாக விளையாடும் கேம், மறுபடி மறுபடி திரும்பிப் போகக்கூடிய கேம் என்றால், இங்கே கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற கடைக்குப் போகிறேன். குறைகளும் உண்டு. பெரிய நிறுவனங்களின் புதிய கேம்கள் இங்கே தாமதமாக வரும், அல்லது வரவே வராது. பூசாரி இல்லாத கோயிலில் கூட்டிப் பெருக்குவதும் விளக்கேற்றுவதும் நம் தலையில். கோப்புகளை இறக்கி வெளி டிஸ்க்கில் வைக்க வேண்டும், அப்டேட் வந்தால் புதிய கோப்பை எடுத்து வைக்க வேண்டும், அந்த டிஸ்க் ஒரு நாள் 'டிக் டிக்' என்று ஓசை எழுப்பிவிட்டு மவுனமாகிவிட்டால் அழாமல் இருக்க இன்னொரு நகலும் வேண்டும். எனக்கு அந்த 'டிக் டிக்' கேட்டாகிவிட்டது. இறக்கி வைக்கச் சோம்பல்படுபவர் இங்கே வாங்கினால், அவருக்கும் ஸ்டீமில் வாங்கியவருக்கும் வித்தியாசம் இல்லை.

மாதச் சந்தாவை நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன். அங்கே ஏமாற்று இல்லை; வாடகை என்று சொல்லியே வாடகை வாங்குகிறார்கள். மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் 2017 ஜூனில் வந்தது. மாதாமாதம் சில கேம்கள் உள்ளே வரும், சில வெளியே போகும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது மிகவும் தோதானது, ஏனென்றால் பிள்ளைகள் எந்தக் கேமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நேசிப்பதில்லை. அக்கா மகன் ஒரே கோடை விடுமுறையில் பதினான்கு கேம்களைத் திறந்து பதின்மூன்றைக் கைவிட்டான். அத்தனையையும் வாங்கியிருந்தால் அக்கா என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள்.

என்னைப் போல ஒரு கேமை ஆறு மாதம் இழுப்பவருக்குச் சந்தா சரிவராது. எழுபது மணி நேரக் கதையில் ஐம்பதாவது மணியில் இருக்கும்போது, 'இந்த மாத இறுதியில் விடைபெறுபவை' வரிசையில் அந்தக் கேமின் படம் வந்து நிற்கும். நாம் சேமித்த இடம் அப்படியே இருக்கும், நுழையத்தான் முடியாது. கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். கேம் பாஸின் உயர் அடுக்கு அமெரிக்காவில் 2025 அக்டோபரில் ஒரே தாவலில் 50 சதவீதம் ஏறியது. ஆண்டு முடிவில், பத்து மணி நேரத்துக்கு மேல் விளையாடிய கேம்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அவற்றைத் தள்ளுபடியில் வாங்கியிருந்தால் ஆகும் தொகை, கட்டிய சந்தாவைவிடக் குறைவென்றால் நிறுத்திவிடலாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியைச் சேர்ந்த அன்றே அணைத்துவிடுங்கள். கட்டிய மாதம் முடியும் வரை அது ஓடத்தான் செய்யும்.

கிளவுட் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கேம் அவர்கள் கணினியில் ஓடுகிறது, நமக்குப் படம் மட்டும் வருகிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாதவருக்கு இது வரப்பிரசாதம்தான், அருகில் அவர்களுடைய சர்வர் இருந்தால். நொடிக்கு 60 படங்கள் ஓடும் கேமில் ஒரு படத்தின் ஆயுள் ஏறக்குறைய 17 மில்லி நொடி. நம் விரல் அழுத்தியது சர்வருக்குப் போய்ப் படமாகத் திரும்ப 60 மில்லி நொடி ஆனால், நாம் மூன்று படம் பின்னால் இருக்கிறோம். சீட்டாட்டத்துக்கும் புதிருக்கும் பரவாயில்லை, கார் பந்தயத்தில் வளைவு போன பிறகுதான் கை திரும்பும். 15 மெகாபிட் வேகத்தில் படம் வந்தால் மணிக்கு ஏறக்குறைய 7 ஜி.பி. கரையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கூகுள் 2019 நவம்பரில் தொடங்கிய ஸ்டேடியா 2023 ஜனவரி 18 அன்று மூடப்பட்டது. வாங்கிய கேம்களுக்கும் கன்ட்ரோலருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அப்படிக் கொடுக்க எல்லோரிடமும் கூகுளின் கஜானா இருக்காது. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ் போல, நீங்கள் ஏற்கெனவே மற்ற கடையில் வாங்கியதை ஓட்டிக் காட்டும் சேவையானால் இழப்பு குறைவு. அது மூடினாலும் கேம் உங்கள் கணக்கில் இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் தனியாக விளையாடும் கேமுக்கு. கூடி விளையாடுவதில் பூசாரியின் அதிகாரம் முழுமையானது, ஏனென்றால் கோயிலே அவருடைய வீட்டுக்குள் இருக்கிறது. யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தயக் கேமில், தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் தேவை. 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அன்றிலிருந்து டிஸ்க் வைத்திருப்பவருக்கும் பயனில்லை, பதிவிறக்கியவருக்கும் பயனில்லை. அந்தக் கோபத்தில் பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், விற்ற கேமை விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கியது. சோனியின் கான்கார்ட் என்ற கேம் இதைவிட வேகம். 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி, செப்டம்பர் 6 அன்று அணைந்தது. பணம் திரும்பியது.

இதற்கு நேர் எதிரில் 1996இல் வந்த குவேக் என்ற துப்பாக்கிச் சண்டைக் கேம் நிற்கிறது. அதில் சர்வரை ஓட்டும் நிரலும் வாங்கியவர் கைக்கே வந்தது. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், இன்றும் ஓட்டுகிறார்கள். ஆகவே கூடி விளையாடும் கேமை வாங்கும் முன் கடையின் பக்கத்தில் நான் தேடுவது, சொந்த சர்வர் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா, ஒரே வீட்டு வலைப்பின்னலில் ஓடுமா என்ற இரண்டையும்தான். மைன்கிராஃப்ட், வால்ஹைம், டெரேரியா மூன்றும் அனுமதிக்கும்.

அனுமதித்தால், வீட்டிலேயே சர்வர் வைப்பதா, வாடகைக்கு எடுப்பதா? நான் முதலில் வீட்டில் வைத்தேன். பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடந்தது. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் சர்வர் நிரல் இலவசம். அதை நிறுவி, ரவுட்டரில் 25565 என்ற போர்ட்டை, அதாவது வெளியாட்கள் உள்ளே வரும் வாசலை, திறந்துவிட்டேன். அக்கா மகனும் அவன் நண்பர்கள் நால்வரும் நுழைய முயன்றார்கள். நுழைய முடியவில்லை. இரண்டு இரவு ரவுட்டரோடு போராடிய பிறகுதான் காரணம் புரிந்தது: எனக்கென்று பொது ஐ.பி. முகவரியே இல்லை. முகவரிகள் தட்டுப்பாட்டால் பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. பெரிய அடுக்குமாடிக்கு ஒரே கதவு எண் மாதிரி. தபால்காரர் வாசலோடு நின்றுவிடுவார். உங்கள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால் போர்ட்டைத் திறந்து பயன் இல்லை. நிறுவனத்திடம் தனி முகவரி கேட்கலாம், பெரும்பாலும் கூடுதல் கட்டணம் உண்டு. இல்லையேல் டெயில்ஸ்கேல் போன்ற ஒரு நிரலை எல்லோரும் நிறுவி உள்வழியாக இணையலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். நான்கு வீடுகளின் பெற்றோரிடம் அது என்ன நிரல் என்று தனித்தனியாக விளக்கியதற்கு எனக்கு யாராவது பட்டம் தர வேண்டும்.

பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் அலுவலகத்தில் இருந்தபோது போன் வந்தது.

"மாமா, சர்வர் போய்விட்டது. நாங்கள் ஐந்து பேரும் சுரங்கத்துக்குள் இருக்கிறோம்."

தூசி தட்டிய அம்மா, "சும்மா திறந்து கிடந்ததே" என்று லேப்டாப்பை மூடி, மேலே ஒரு துணியையும் போர்த்தி வைத்திருக்கிறார். மூடினால் தூங்காதே என்று அமைப்பை மாற்றினேன். அடுத்த சனிக்கிழமை விண்டோஸ் தானாக அப்டேட் செய்து மறுதொடக்கம் ஆகியிருந்தது. கணினி விழித்திருந்தது, சர்வர் நிரலை எழுப்ப ஆள் இல்லை. அதற்கடுத்த வாரம் மின்சாரம் போய், விளையாட்டின் உலகத்தைச் சேமித்துக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்தது. பிள்ளைகள் மூன்று வாரம் கட்டிய கோட்டையில் ஒரு பக்கச் சுவரைக் காணவில்லை, அதற்குப் பதில் பச்சைப் புல்வெளி. நகல் எடுத்து வைத்திருந்தாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

பிறகு வாடகை சர்வருக்குப் போனேன். அவர்கள் மின்சாரம், அவர்கள் முகவரி, இரவில் எழுந்து பார்க்க அவர்கள் ஆட்கள். மைன்கிராஃப்ட் நிறுவனமே ரியல்ம்ஸ் என்ற பெயரில் மாதக் கட்டணத்துக்குத் தருகிறது, பத்துப் பேரை அழைத்துக்கொள்ளலாம். அமைக்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் மாற்றங்கள் செய்ய இடம் குறைவு. மற்ற வாடகை நிறுவனங்களில் உள்ளே புகுந்து எதையும் மாற்றலாம், கெடுக்கவும் செய்யலாம். எடுக்கும்போது சர்வர் எந்த நகரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், நினைவகம் எவ்வளவு என்பதைவிட அது முக்கியம். இதிலும் ஒரு பூசாரி இருக்கிறார், மாதம் பிறந்தால் தட்டு ஏந்துவார். ஆனால் பிடிக்கவில்லை என்றால் விளையாட்டு உலகம் இருக்கும் கோப்பை இறக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடலாம். ஞாயிறுதோறும் அந்தக் கோப்பை இறக்கி வைக்கும் வேலையைப் பையனிடமே கொடுத்திருக்கிறேன். கோட்டைச் சுவர் காணாமல் போன பிறகு அவன் அதை ஒரு வாரம்கூட மறந்ததில்லை. கணினியோடு மல்லுக்கட்டுவதே உங்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் வீட்டு சர்வர் வையுங்கள். பிள்ளைகள் விளையாடுவதுதான் நோக்கம் என்றால் வாடகைக்கு எடுங்கள்.

ஆக, என் வீட்டு நடைமுறை இப்போது இப்படி இருக்கிறது. கதையுள்ள நீண்ட கேம்கள் பூட்டில்லாத கோப்பாகக் கிடைத்தால் அப்படி, கிடைக்காவிட்டால் பணம் திருப்பும் கடையில். சந்தா விடுமுறை மாதங்களுக்கு மட்டும். சொந்த சர்வருக்கு வழியில்லாத கேமுக்கு முழு விலை கொடுப்பதில்லை; அது சினிமா டிக்கெட் என்று நினைத்து, டிக்கெட் அளவுக்கு விலை இறங்கும்போது வாங்குவேன். பரிசு கொடுப்பதென்றால் மட்டும் இன்னமும் டிஸ்க்தான். குறியீட்டு எண்ணை மின்னஞ்சலில் அனுப்பினால், பல்லால் கடித்துக் கிழிக்க அதில் என்ன இருக்கிறது?

இந்த ஆண்டு பிறந்தநாளுக்கு முந்தைய இரவு, பையன் தூங்கிய பிறகு, அக்காவும் நானும் பிளேடால் உறையை ஒரு ஓரமாக அறுத்து டிஸ்க்கை எடுத்தோம். சத்தத்தைக் குறைத்துவிட்டு கன்சோலில் போட்டோம். நகலெடுத்து, அப்டேட்டும் இறங்கி முடிய அதிகாலை நான்கரை ஆனது. டிஸ்க்கைத் திரும்பப் பெட்டியில் வைத்து, அறுத்த இடத்தில் அக்கா ஒளிபுகும் டேப்பை ஒட்டினாள். காலையில் பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், டேப்பின் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினான், ஒன்றும் கேட்கவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தான்.